முழங்கை ஆடியது

அவளை வீட்டில் எல்லாரும் துறுதுறு என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஓர் இடத்தில் வைக்கத் தெரியாது. சைக்கிள் பந்தயக் கோட்டில் நின்றபோதும் அவள் கால் பெடலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இன்று முதலில் வரும் இரண்டு பேருக்குத்தான் பெரிய அணியின் இளையோர் குழுவில் இடம். அந்த அணியின் சட்டையைக் கனவில் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டாள்.

"போன தடவ மாதிரி எல்லாருக்கும் சுவரா இருக்காதக்கா," என்றான் தம்பி.

"வாய மூடுடா."

ஆனால் அவன் சொன்னது உண்மை. போன பந்தயத்தில் தொடக்கம் முதலே அவள்தான் முன்னால். எதிர்க்காற்று முழுவதும் அவள் முகத்தில். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சொகுசாக ஒளிந்து வந்து, கடைசி வளைவில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். அன்றைக்குத் தலையணை நனைய அழுதாள்.

விசில் ஒலித்தது. பாலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தோடு வந்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை. விருட்டென்று முன்னால் பாய்ந்துவிட்டாள்.

'ஐயோ, மறுபடியும் அதே தப்பு,' என்று மனம் அடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் அவளுடைய காய்ந்த உதட்டைக் கவனித்தாள்.

"தண்ணி இல்லயா?"

"பாலத்துல பாட்டில் விழுந்துடுச்சு."

விட்டால் அவள் தானாகவே பின்தங்கிவிடுவாள். ஆனால் துறுதுறுவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பாட்டிலை நீட்டினாள்.

"குடி. எனக்கும் கொஞ்சம் வை."

பிறகு முழங்கையை வெளிப்பக்கமாக ஆட்டினாள். பந்தயக்காரர்கள் பேச்சில், 'இனி நீ முன்னால் வா' என்று அர்த்தம். இதுவரை அவள் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

பச்சைத் தொப்பி முன்னால் வந்தாள். கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச தூரம் அவள், கொஞ்ச தூரம் இவள் என்று மாறி மாறிப் போனார்கள். கடைசி வளைவிலும் கூட்டத்தால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

அரைச் சக்கர வித்தியாசத்தில் பச்சைத் தொப்பி முதலில் வந்தாள்.

நடந்ததைக் கேட்ட தம்பி, "தண்ணியக் குடுத்து தோத்துட்டியேக்கா," என்றான்.

"தோக்கலடா. சட்ட ரெண்டு இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும்போதும் எதிர்க்காற்றுதான். தம்பி தன் குட்டி சைக்கிளில் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கி வந்தான். துறுதுறு முழங்கையை ஆட்டினாள்.

"கால் வலிக்குதுக்கா."

"எனக்குந்தான். முன்னால வா."

முனகிக்கொண்டே வந்தான். அந்தச் சின்ன முதுகு ஒரு காற்றையும் தடுக்கவில்லை. இருந்தாலும் அவள் அவசரமே இல்லாமல் அவனுக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு போனாள்.