பாலத்தடியில் நிற்பவர்

என் மாமனாரை மண்ணில் வைத்துவிட்டு, வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் நான். கணப்பை மூட்டி, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் போட வெந்நீர் வைக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கமே வேனை நிறுத்திவிட்டு, பாலத்தை நடந்து கடந்தேன். அதுவும் ஓரமாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு. ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமனார் லெஸ் ஹார்வுட் பொறியாளர். டாஸ்மேனியா மலைகளில் நாற்பது வருடம் அணைகளும் பாலங்களும் கட்டியவர். ஓய்வு பெற்றதும் ஹூவான் பள்ளத்தாக்கில் வீடு வாங்கி, வாசலுக்கு முன்னால் ஓடிய வாட்டில் ஓடையின்மேல் தன் கையாலேயே ஒரு மரப்பாலம் போட்டார். பாலத்தில் முதல் பாரம் ஏறும்போது கட்டியவன் அடியில் நிற்க வேண்டுமாம், அவர் தொழிலில் பழைய வழக்கம். மற்றவர்கள் ஒரு நாள் நிற்பார்கள். இவர் ஆயுள் முழுக்க நின்றார். மனைவி எனிட் கடைக்குக் கிளம்பினாலும், மகள் ஜிலியன் என்னோடு வந்தாலும், பேத்தி பிப்பாவைத் துணியில் சுற்றி முதன்முதலாகக் கொண்டுவந்தபோதும், உறைபனியிலும் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று கையை உயர்த்தி ‘வா’ என்பார். அந்தக் கை அசைந்தால்தான் வண்டி நகரும். அந்த வீட்டின் சட்டம் அது. அவர் முதுகுக்குப் பின்னால் நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். ஆனாலும் பெண்டாட்டி பிள்ளைகள்மேல் அப்படி உயிரை வைத்திருந்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டார். “ராஸ், இடது பக்கத்து உத்தரம் உளுத்துப்போச்சு. நீதான் தச்சு வேல தெரிஞ்சவன். மாத்திடு.”

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு மாதத்தை ஓட்டினேன். கடைசியாகக் கேட்டபோது அவரால் மூச்சு விடவே முடியவில்லை. ஓட்டைத் துருத்திபோல நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சுப்பா.”

“கீழ இறங்கிப் பாத்தியா?”

“பாத்தேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

என்னையே வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

கல்லறையில் எனிட் எல்லோரையும் பார்த்து, “வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ராஸ் பாலத்தப் புதுசு பண்ணிட்டான்” என்றார். இரண்டு பேர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. ஒவ்வொரு காராக வந்தால் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் ஆப்பிள் தோட்டத்து மெர்வின். சாண்ட்விச் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மழைத்துளியைத் தட்டிவிட்டார்.

“கீழ நிக்கிறாரே, யாருப்பா அது? லெஸ்ஸோட தம்பியா? அச்சு அசலா அவர மாதிரியே கையக் காட்டுறாரு.”

“அவருக்குத் தம்பி கிடையாதே” என்றேன்.

“அப்ப யாராவது பழைய சிநேகிதரா இருக்கும்.” மெர்வின் கணப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னும் சில கார்கள் வந்தன. பிறகு நோர்மா வந்தாள். எங்கள் ஊரில் யாரையும் அதட்டக்கூடியவள்.

“நீயெல்லாம் ஒரு மனுஷனா? அந்தப் பெரியவரு இடுப்பு வரைக்கும் தண்ணில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் டீ குடுக்கக் கூடாதா?”

அடுப்பில் கெட்டில் ஊதிக்கொண்டே இருந்தது. அணைக்காமல் ஓடினேன்.

மழையில் ஓடை கலங்கிப் பெருகியிருந்தது. கரையின் சேற்றில் சறுக்கிப் பாலத்துக்கு அடியில் இறங்கினேன். அங்கே பகல் வெளிச்சம் பாதிதான் வந்தது. மக்கிய மரமும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த ஒரு வாடை.

யாரும் இல்லை.

அண்ணாந்து இடது பக்கத்து உத்தரத்தைப் பார்த்தேன். அதன் முனை ஊறிய ரொட்டிபோல உதிர்ந்து போயிருந்தது. கல்சுவரில் அது உட்காரவே இல்லை. நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக வானம் தெரிந்தது.

இத்தனை கார்கள் எதன்மேல் வந்தன?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மூச்சு. ஓட்டைத் துருத்தி மூச்சு. என் காதுக்குப் பக்கத்தில்.

மேலே ஒரு வண்டியின் இரைச்சல். ஜிலியனின் கார். உள்ளே எனிட், பின்னிருக்கையில் ஆறு வயது பிப்பா. வெளியே பாய்ந்து இரண்டு கைகளையும் வீசினேன்.

“ஜில்! நிறுத்து! வராத! பாலம் தாங்காது!”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால், பாலத்தின் இருட்டையே பார்த்தாள். அவள் முகம் குழந்தை முகம்போல மலர்ந்தது. அந்த வீட்டின் சட்டத்தில் ஊறியவள். அடியில் நிற்கிறவர் கையைக் காட்டிவிட்டால் வேறு யார் கத்தினாலும் காதில் ஏறாது.

கார் நகர்ந்தது.

திரும்ப ஓடி அந்த உத்தரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். ஒரு டன் எடையைத் தோளால் தாங்க முடியாது என்று தெரியும். என் பொய்யின் மேலே என் குழந்தை வந்துகொண்டிருந்தாள், வேறு என்ன செய்வேன்?

பலகைகள் முனகின.

பாரம் இறங்கவில்லை. நனைந்த கம்பளிச் சட்டை ஒன்று என் கன்னத்தில் உரசியது. பனிக்கட்டியாகக் குளிர்ந்த ஒரு கை என் மார்பில் பதிந்து என்னைப் பின்னுக்குத் தள்ளியது.

“தள்ளி நில்லு.”

கோபம்கூட இல்லாத குரல். சேற்றில் என் கண்ணெதிரே இரண்டு காலடிப் பள்ளங்கள், அங்குலம் அங்குலமாக, ஆழமாகிக்கொண்டே போயின.

கார் கடந்துவிட்டது. மேலே பிப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எனிட், “சாகப்போறவருகிட்ட எப்படிடா பொய் சொன்ன?” என்று கேட்டார். வந்தவர்கள் வண்டிகளை விட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்து வேலியைத் தாண்டி நடந்தே வீடு போனார்கள்.

மூன்று வாரத்தில் பழைய பாலத்தைப் பிரித்து இரும்பு உத்தரம் போட்டேன். ஒவ்வொரு திருகையும் நானே முடுக்கினேன். ஹோபார்ட்டிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, பத்து டன் லாரியை ஏற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேற்று எனிட் முதன்முதலாகக் காரில் கடக்கக் கிளம்பினார். நான் கீழே இறங்கினேன். வெயில் நன்றாக அடித்தது. மழை நின்று பல நாளானதால் ஓடை முழங்கால் அளவுதான், தெளிந்து ஓடியது. இரும்பின் நேர் கீழே மட்டும் தண்ணீர் இரண்டு இடங்களில் விலகி, எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி சேர்ந்தது. அங்கே கல் இல்லை. கட்டை இல்லை. கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை, குளிர்தான் எலும்பு வரை ஏறியது.

“அப்பா, இந்தத் தடவ நெஜமாவே மாத்திட்டேன்” என்றேன். “கீழ இறங்கியும் பாத்துட்டேன். நீங்க போங்க.”

மேலே எனிட்டின் கார் வந்து நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, என்னைத் தாண்டிப் பார்த்து, யாருக்கோ தலையசைத்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

தண்ணீர் இன்னும் விலகித்தான் ஓடிக்கொண்டிருந்தது.