ஏரிக்கரை ஏன் பதில் சொல்லவில்லை?

நண்டுவின் அம்மா பகலில் பஸ் ஓட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அது பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம். பட்டனை விட்டால் அடுத்தவர் பேசுவது கேட்கும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் அதைப் பயன்படுத்த முடியும். அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார், அதுவும் முதல் தடவையிலேயே. இதை நண்டு தன் வகுப்பில் இதுவரை பதினேழு தடவை சொல்லியிருக்கிறாள்.

நண்டு என்பது பட்டப்பெயர். சின்ன வயதில் அவள் நேராக ஓடாமல் பக்கவாட்டில்தான் ஓடுவாளாம். இப்போது வயது பதினொன்று. ஒழுங்காகத்தான் ஓடுகிறாள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் ரேடியோ கிளப் அவர்கள் வீட்டில் கூடும். கிளப் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். பிளம்பர் மாமா, பல் டாக்டர், தையல்கார அக்கா, அம்மா. அவ்வளவுதான். ஆனால் நான்கு பேர் போடுகிற சத்தத்தில் நாற்பது பேர் இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள்.

அந்த ஞாயிறு சண்டை, ஆண்டெனாவைப் பற்றி.

பிளம்பர் மாமா தன் ஆண்டெனாவைத் தானே செய்துகொள்வார். வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை வெட்டி, பற்றவைத்து, கம்பத்தில் கட்டிவிடுவார். பல் டாக்டரோ இன்டர்நெட்டில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, தங்க முலாம் பூசிய ஆண்டெனா ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

"தங்கமா! டாக்டர், இதை ரேடியோவுல மாட்டப் போறீங்களா, இல்ல யாருக்காவது பல்லா கட்டப் போறீங்களா?" என்றார் பிளம்பர் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் ஆண்டெனாவை எடுத்து மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். நண்டு அதைக் கவனித்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"மின்னுறதெல்லாம் வாங்கினா இப்படித்தான்" என்று தொடர்ந்தார் பிளம்பர் மாமா. "விளம்பரம்னாலே ஏமாத்து வேலை. நம்ம ரேடியோவுல யாராவது விளம்பரம் பண்ண முடியுமா? சட்டமே விடாது. ஆனா நம்ம கிளப் பேஜைத் திறந்தா? செருப்பு ஆடுது, சீப்பு பாடுது!"

கிளப்புக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு. அதைக் கவனித்துக்கொள்பவர் டாக்டர். இலவசமாகக் கிடைத்த இடம் என்பதால், பக்கத்தின் தலையில் ஒரு விளம்பரப் பெட்டி எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும்.

"என்ன செய்யறது? மனுஷன் கண்ணு முதல்ல அங்கதானே போகுது!" என்றார் டாக்டர்.

"இனிமே போகாது" என்றார் பிளம்பர் மாமா. எல்லாருடைய போனையும் வாங்கி, விளம்பரங்களை மறைக்கிற பிளாக்கர் ஒன்றை வரிசையாக ஏற்றிக் கொடுத்தார். செருப்பும் சீப்பும் இருந்த இடம் தெரியாமல் போயின. டாக்டர் மட்டும் தன் போனைக் கொடுக்கவில்லை.

"நான் பேஜுல வேலை செய்யறவன். எனக்கு எல்லாம் தெரியணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குப் பெரிய நாள். நண்டுவின் பள்ளியில் சைக்கிள் போட்டி. அறுபத்திரண்டு பிள்ளைகள், பள்ளி மைதானத்தில் தொடங்கி ஏரிக்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். ஏரிக்கரையில் செல்போன் வேலை செய்யாது. அங்கே யாராவது விழுந்தால் செய்தி எப்படி வரும்? இதற்காகவே போன வருடம் போட்டி நடக்கவில்லை.

"எங்க ரேடியோ வேலை செய்யும்" என்று அம்மா போய்ச் சொன்னார். தலைமை ஆசிரியை முதல் தடவை, "பார்க்கலாம்" என்றார். இரண்டாம் தடவை, "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கே" என்றார். மூன்றாம் தடவைதான் ஒத்துக்கொண்டார். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"ஒன்பது மணிக்குப் போட்டி. அதுக்கு முன்னாடி எல்லா இடத்துலேர்ந்தும் பதில் வரணும். ஒரு இடம் வரலைன்னாலும் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். போட்டி கிடையாது."

"வரும் மேடம்" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை. மைதானத்தில் ஒரு மேசை, அதன்மேல் ரேடியோ. அம்மா மைக்கோடு உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரும் போட்டி வழியில் ஆளுக்கோர் இடத்தில் ரேடியோவோடு நின்றார்கள், ஏரிக்கரையில் டாக்டர். நண்டுவுக்கும் வேலை இருந்தது. யார், எப்போது, என்ன பேசினார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். பென்சில்கள் மூன்றைச் சீவி வைத்திருந்தாள். ஒன்று போதும்தான். ஆனாலும் அம்மாவோடு மேசையில் உட்காருவது என்றால் சும்மாவா!

எட்டு நாற்பதுக்கு அம்மா பட்டனை அழுத்தினார்.

"மைதானம் பேசறேன். பாலம், தயாரா? ஓவர்."

'ஓவர்' என்றால் 'நான் முடித்துவிட்டேன், நீ பேசு' என்று அர்த்தம்.

"பாலம் தயார் அக்கா! செம்புக் குழாய் சூப்பரா வேலை செய்யுது. ஓவர்!" இது பிளம்பர் மாமா.

"பெட்ரோல் பங்க் தயார். ஓவர்" என்றார் தையல்கார அக்கா.

"ஏரிக்கரை, தயாரா? ஓவர்."

பதில் இல்லை.

அம்மா மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று பிளம்பர் மாமாவின் குரல் குறுக்கே வந்தது. "எல்லாம் அந்தத் தங்க ஆண்டெனா பண்ற வேலை! ஓவர்."

தலைமை ஆசிரியை மேசைக்கு வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

மணி எட்டு நாற்பத்தாறு. ஸ்கூட்டரில் போனாலும் ஏரிக்கரைக்கு இருபது நிமிடம் ஆகும். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பெடலில் ஒரு கால் வைத்து நின்றார்கள். அம்மாவின் நெற்றியில் வியர்வை. பெரிய பஸ்ஸை மழையில் கூடச் சிரித்துக்கொண்டே ஓட்டுகிற அம்மா!

அவள் நோட்டைப் புரட்டினாள். நேற்று மாலை எல்லாரும் அவரவர் இடத்தில் நின்று பேசிப் பார்த்திருந்தார்கள். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். 'வெள்ளி, 5.10. ஏரிக்கரை. சத்தம் மிகத் தெளிவு.'

"அம்மா, ஆண்டெனா இல்லம்மா."

"என்னடி?"

"நேத்து டாக்டர் இதே ஆண்டெனாவுலதான் பேசினார். தெளிவா கேட்டுச்சு. ஆண்டெனாவுல தப்பே இல்ல. நேத்துக்கு அப்புறம் ஏதோ மாறியிருக்கு."

"மாறினா பேஜுல போட்டிருப்பாரே!"

இது கிளப்பின் சட்டம். போனில் சொன்னது செல்லாது. ஒரு தடவை போனில் சொல்லி, நான்கு பேரும் நான்கு தெருவில் போய் நின்ற கதை உண்டு. அதற்குப் பிறகு, எந்த மாற்றமானாலும் பக்கத்தில் போட்டாக வேண்டும், கிளம்பும் முன் எல்லாரும் அதைப் பார்த்தாக வேண்டும்.

"காலையில பார்த்தேன், ஒண்ணும் இல்ல" என்று அம்மா போனை எடுத்து நீட்டினார். "நீயே பாரு."

நண்டு பார்த்தாள். பாலம், பெட்ரோல் பங்க், ஏரிக்கரை. யார் யார் எங்கே என்ற பட்டியல். எல்லாரும் பேச வேண்டிய சேனல் மூன்று. எல்லாம் அப்படியேதான் இருந்தது.

ஆனால் பக்கத்தின் தலையில் கொஞ்சம் வெள்ளையாக, சும்மா கிடந்தது ஓர் இடம். விளம்பரப் பெட்டி இருந்த இடம் அது. பிளாக்கர் அதை மறைத்துவிட்டது.

மனுஷன் கண்ணு முதல்ல அங்கதானே போகுது!

"அம்மா! பிளாக்கரை நிறுத்துங்க. சீக்கிரம்!"

"இப்ப எதுக்குடி விளம்பரம்?"

"நிறுத்துங்கம்மா, ப்ளீஸ்!"

அம்மா நிறுத்தினார். பக்கம் மறுபடி திறந்தது. ஒரு செருப்பு குதித்து வந்தது. பத்தே நாளில் வழுக்கையில் முடி வளரும் என்றார் ஒருவர். அவர்கள் இருவருக்கும் நடுவில், மஞ்சள் பெட்டியில், கொட்டை எழுத்தில் இருந்தது:

'முக்கியம்! நாளை மூன்றாம் சேனல் வேண்டாம். எல்லாரும் ஏழுக்கு மாறவும். டாக்டர்.'

முக்கியமான செய்தி எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்று, டாக்டர் அதை விளம்பரத்தோடு விளம்பரமாகப் போட்டிருந்தார். அவருடைய போனில் பிளாக்கர் இல்லை. அதனால் அது யாருக்கும் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. அம்மா ஏழுக்குத் திருப்பினார். பிறகு மைக்கை நண்டுவின் கையில் கொடுத்தார். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் மற்றவர்களும் பேசலாம்.

"கண்டுபிடிச்சது நீ. நீயே கூப்பிடு."

நண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"மைதானம் பேசறேன். ஏரிக்கரை, தயாரா? ஓவர்."

"அப்பாடா!" என்றது ரேடியோ. பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. "ஏரிக்கரை எட்டு மணியிலேர்ந்து தயார்! கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பல்லே ஆடுது. மூணுல பக்கத்து ஊர் கிளப் பேசிட்டிருக்கு, நேத்து நாம பேசி முடிச்சப்புறம்தான் கவனிச்சேன். சிக்னல் தண்ணி மேல வர்றதால இங்க மட்டும் கேக்குது. அவங்க பேச்சுக்கு நடுவுல புகுந்தா மரியாதை இல்லையே! நான் ராத்திரியே பேஜுல போட்டேனே, யாருமே பார்க்கலையா? ஓவர்."

தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெற்றோர் கூட்டம். நண்டு ஒரு நொடி யோசித்தாள். 'விளம்பரப் பெட்டியில போய்ப் போட்டீங்களே!' என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் டாக்டர் அன்று ஆண்டெனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டது அவள் கண்முன் வந்தது.

"நீங்க போட்டது வந்துச்சு டாக்டர். நாங்க பார்க்கத்தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. உங்க ஆண்டெனா ரொம்ப நல்லா வேலை செய்யுது. எல்லா இடத்தையும் விட உங்க சத்தம்தான் தெளிவு. ஓவர்."

"நிஜமாவா?" என்றார் டாக்டர். சந்தோஷத்தில் 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டார்.

நண்டு மூன்றுக்குத் திரும்பி மற்ற இருவரையும் கூப்பிட்டாள்.

"எல்லாரும் ஏழுக்கு மாறுங்க. ஏரிக்கரை ஏழுல இருக்கு. ஓவர்."

"ஏழா? யார் சொன்னா? ஓவர்" என்றார் பிளம்பர் மாமா.

"பேஜுல இருக்கு மாமா. மேல, விளம்பரம் வர்ற இடத்துல. ஓவர்."

மாமாவின் குரல் மெலிந்து வந்தது: "அய்யய்யோ. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாப் போச்சே. ஓவர்."

"அதெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம் மாமா. இப்ப பாலத்தைப் பார்த்துக்குங்க. ஓவர்."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

சரியாக ஒன்பது மணிக்கு விசில் ஒலித்தது. அறுபத்திரண்டு சைக்கிள்களும் மைதானத்தை விட்டுப் பறந்தன. அதற்குப் பிறகு நண்டுவுக்குத் தலை நிமிர நேரமில்லை. பாலத்தில் ஒரு பையனுக்குச் செயின் கழன்றது. பிளம்பர் மாமாவே மாட்டிவிட்டார். ஏரிக்கரையில் ஒரு சிறுமி சறுக்கி விழுந்தாள். டாக்டர் முழங்காலுக்கு மருந்து போட்டு, பல்லையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். மேசையில் செய்தி வந்த மறு நிமிடமே, அந்தச் சிறுமியின் அப்பாவிடம் நண்டு ஓடிப்போய், "ஒண்ணும் இல்ல அங்கிள், மறுபடி ஓட்ட ஆரம்பிச்சுட்டா" என்று சொன்னாள். அவர் மூச்சை விட்டுச் சிரித்தார்.

பத்தரைக்குக் கடைசி சைக்கிள் கோட்டைத் தாண்டியது. முழங்காலில் கட்டுப் போட்ட அதே சிறுமிதான். மைதானமே கைதட்டியது.

தலைமை ஆசிரியை மேசைக்கு வந்தார்.

"என் பொண்ணுதான் மேடம்" என்றார் அம்மா. யாரும் கேட்கவே இல்லை. அவரே சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, பக்கத்தில் இருந்த பெற்றோருக்கும் கேட்கட்டும் என்று. நண்டுவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அறுபத்திரண்டு பேரையும் தோற்கடித்துக் கோப்பை வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

"தெரியுது" என்றார் தலைமை ஆசிரியை. பிறகு நண்டுவைப் பார்த்துக் குனிந்தார். "உங்க கிளப் அடுத்த வருஷமும் வருமா?"

"எல்லாரையும் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்று நண்டு மைக்கை எடுத்தாள். "மைதானம் பேசறேன். அடுத்த வருஷமும் வருவீங்களான்னு மேடம் கேக்கறாங்க. ஓவர்."

ரேடியோவில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். மூன்று பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் பேச்சும் புரியாது. கிளப்பில் உள்ள எல்லாருக்கும் இது நன்றாகத் தெரியும்.

மேசையில் இருந்த ரேடியோ, "கீ...ஈ...ஈச்!" என்று அலறியது.

தலைமை ஆசிரியை திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"மூணு பேரும் வர்றாங்களாம் மேடம்" என்றாள் நண்டு.