சாத்திய கதவின் இந்தப் பக்கம்

"சட்டை இஸ்திரி ஆச்சா இல்லையா? அவங்க வர்ற நேரமாச்சு!" கூடத்திலிருந்து எபநேசர் கத்தினான்.

அவன் மனைவி சுகிர்தாவுக்கு இருப்பது இரண்டே கைகள். ஒன்று மிக்ஸியை அமுக்கிக்கொண்டிருந்தது. மற்றது இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குச் சமையலறை வாசலில் மாமியார் நவமணி.

"என் புள்ளைய தெருவுல தள்ளிக் கதவ சாத்துனவ... இன்னிக்கு அவன் பேர்ல விருந்து ஆக்கறாளாம்!"

நாலு வருடமாக இதே பாட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே பார்வையால் அடக்குகிற ஆங்கில டீச்சர், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எபநேசர் குடியை விட்டது பாலவாக்கத்து மறுவாழ்வு இல்லத்தில். அந்த இல்லமும், கென்யாவில் நகுரு ஊர்ச் சபை நடத்தும் இல்லமும் இப்போது கைகோத்திருந்தன. மீண்டு வந்தவர்கள் இங்கிருந்து அங்கேயும், அங்கிருந்து இங்கேயும் போய் ஊழியம் செய்வதாக ஏற்பாடு. முதல் ஆளாக எபநேசரை அனுப்பலாமா என்று பார்க்கத்தான் நகுரு இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் வஞ்சிரு அம்மா, பாலவாக்கத்து இல்லத்துப் பாஸ்டரோடு அந்தச் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்குள் வந்து இறங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் எபநேசர் எழுந்து நின்று, கர்த்தர் தன்னை மீட்ட கதையைச் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்தான். அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது சுகிர்தா!

"குடிச்சேன். வேலை போச்சு. பெத்த பொண்ணே என்னைப் பாத்தா ஒளிஞ்சுக்கும்."

சொன்னாள்.

"கடைசியா என் பொண்டாட்டியும் கதவ சாத்திட்டா. என்னைக் கைவிட்டுட்டா. ஆனா கர்த்தர் கைவிடல!"

கதவைச் சாத்தியது வரை சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வஞ்சிரு நிமிர்ந்து பார்த்து மெல்ல ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்கறாங்க?" என்றான் எபநேசர்.

"கதவ சாத்தின பிறகு உங்க பொண்டாட்டி எங்க இருந்தான்னு கேக்குறாங்க."

அவன் விழித்தான். "அது... எனக்கெப்படித் தெரியும்?"

அவ்வளவுதான்.

"தெரியாதா? ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? கதவுக்கு இந்தப் பக்கம்தான்யா உக்காந்திருந்தேன்! நீங்க தட்டத் தட்ட தாப்பாளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்! போக வேற கதவே இல்லைன்னாத்தான் இல்லத்துக்கு வருவாருன்னு இதோ, இந்தப் பாஸ்டர்தான் சொன்னார். நீங்க தெருமுனை திரும்புனதும் அவருக்குப் போன் பண்ணி இல்லத்து வண்டிய வரச் சொன்னது யாரு? கர்த்தர்தான் அனுப்புனார்... நம்பர் போட்டது நான்!"

பாஸ்டர் தலைகுனிந்தார். "உண்மைதான் பிரதர். நீங்க தேறுற வரைக்கும் சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அப்புறம் சிஸ்டரே சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

வஞ்சிருவுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து சுகிர்தாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் ஏதோ சொன்னார். அத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த சுகிர்தா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"இன்னாடி சொல்லுது அந்தம்மா?" என்றாள் நவமணி.

"அவங்களும் கதவ சாத்தினாங்களாம், அத்தை... அவங்க வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லையாம்."

நவமணி நின்ற இடத்திலிருந்தே மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்லித் தொலைச்சா இன்னாடி?"

"சொல்ல விட்டீங்களா, அத்தை!"

எபநேசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாதி சாட்சிதான் எனக்குத் தெரியும் பாஸ்டர்," என்றான். "மீதி இவகிட்ட இருக்கு. என்னைத் தனியா அனுப்பாதீங்க."

பாஸ்டர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வஞ்சிரு வேகமாகத் தலையாட்டினார். நகுருவில் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களோடு பேசத்தான் ஆளில்லை என்றார்.

"நான் எப்படிப் போறது? பொண்ணை யார் பாத்துக்குவா?" சுகிர்தா தடுமாறினாள்.

"ஏன், நான் இல்ல?" நவமணி முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நீ போ. அங்க போயாவது வாயத் தொறந்து பேசு!"