முள் துள்ளிய மதியம்

அடையாறு பஸ் நிறுத்தத்தில் அவன் குடையை விரித்தபோது, அதன் கம்பி ஜலஜாவின் கையிலிருந்த பெட்டியைத் தட்டிவிட்டது. உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு... அதன்மேல் பல நாள் பாடுபட்டு அவள் படியவைத்த மெல்லிய நியோபியம் உலோகப் படலம்.

“கண்ணு தெரியாதா உங்களுக்கு?”

அவன் மழையிலேயே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். நிமிர்ந்தபோது இமைகளில் துளிகள்... கோபத்தோடுதான் பார்த்தாள். ஆனாலும் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய கிண்டி ஆய்வுக்கூடத்தில் காந்தத்தை இயக்கச் சேர்ந்த புது ஆராய்ச்சி மாணவன் அவன்தான். பெயர் அய்யாதுரை. தி. நகரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கல்லாவில் உட்காராமல் இயற்பியல் படித்த கோபம் அவருக்கு. வெளிநாடு போய்க் காட்டினால்தான் வீட்டில் மரியாதை என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் அந்தப் படலங்கள் ஏன் விரிசல் விடுகின்றன என்பதே அவள் ஆராய்ச்சி. குளிரவைப்பதில் அவளுக்குக் கவனம் போதாது என்பார் அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஸ்ரீரங்கன். காந்தப்புலம்தான் காரணம் என்பாள் அவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, ஐப்பசி. ஒரு மதியம் படலம் முழுசாகக் குளிர்ந்தது. அய்யாதுரை காந்தப்புலத்தை ஏற்றினான்... ஒன்றும் ஆகவில்லை. மெல்ல இறக்கினான். பூஜ்யத்தில் கிடந்த மின்தடை மீட்டரின் முள் சட்டென்று துள்ளியது. வெளியே எடுத்துப் பார்த்தால், முடி போல ஒரு விரிசல்.

“பாத்தேளா?”

“பாத்தேன் ஜலஜா.”

சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துவிட்டாள். விடத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

ஸ்ரீரங்கன் நம்பவில்லை. குளிரவைக்க வேண்டிய, கிடைப்பதற்கரிய ஹீலியத்தை வீணாக்கியதாகச் சீறினார். புலத்தை இறக்கும்போதுதான் முள் துள்ளியதா என்று எல்லோர் எதிரிலும் அய்யாதுரையைக் கேட்டார். அவனுடைய வெளிநாட்டுச் சிபாரிசு அவர் கையில் இருந்தது. ஜலஜா அவன் முகத்தையே பார்த்தாள்.

“நான் சரியா கவனிக்கல, சார்.”

அவளை ஆராய்ச்சியிலிருந்து விலக்கினார்கள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த மழைக்காலம். லஸ் முனையில் அவன் காத்து நின்றான். விசா வந்துவிட்டதாம். அதே சோதனையை மறுபடி செய்தானாம்... இறக்கும்போதெல்லாம் விரிசல்.

“சாரும் நானும் கட்டுரை அனுப்பிட்டோம். அதுல... உங்க பேரு இல்ல.”

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

“உங்கள நெனைக்காத நாள் கெடையாது ஜலஜா. ரெண்டு வீட்டுலயும் சண்டை போடுறேன். என்கூட வந்துடுங்க.”

இந்தச் சண்டையை அன்றைக்கு ஸ்ரீரங்கன் ஒருவரோடு போட்டிருக்கலாமே என்று நினைத்தாள்.

“உங்கள எனக்குப் பிடிச்சிருந்துது. அதனாலதான் அன்னிக்கு அத்தனை பேர் இருக்கச்சே, உங்க முகத்தை மட்டும் பாத்துண்டு நின்னேன்.”

“இப்போ?”

“இப்பவும்தான்... ஆனா உங்க பக்கத்துல நிக்கக் கூசறது. போயிட்டு வாங்கோ.”

வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அது எங்கே போகும் பஸ் என்று அவள் பார்க்கவில்லை.