பின்னறையில் சொன்னது

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்காங்க."

கதவைப் பாதி திறந்து நின்றவன் சொன்ன முதல் வாக்கியம் அது. வெளியே மழை… குடைக்கம்பியில் வழிந்த நீர் செவிலியின் பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்குடியிருப்பின் பெண்களுக்கு எந்தெந்த மருத்துவ உதவி தேவை என்று கேட்டறியும் கணக்கெடுப்புக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு அவளுடையது. கேள்விகள் சரியாக அமைந்துள்ளனவா என்று பார்க்க அன்று ஒரு முன்னோட்டம். பெண்களிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆண்களே பதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் கணவன், அடுத்த வீட்டில் மாமனார், இன்னொரு வீட்டில் மீசைகூட அரும்பாத மைத்துனன்! என்ன அநியாயம் இது! இப்போது மகன்.

"கேள்வி உங்களுக்கில்லைங்க. அம்மாவைக் கூப்பிடுங்க."

"அவங்க சார்பா நானே சொல்லிடறேன். கேளுங்க."

அவளுடைய பொறுமை காற்றில் பறந்தது.

"சரி. உங்களுக்குக் கடைசியா எப்ப மாதவிலக்கு ஆச்சு?"

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. தொடர்ந்து ஒரு பெண்மணியின் சிரிப்பு… சட்டென்று பாதியில் அறுந்த சிரிப்பு. அவன் காதுமடல்கள் குப்பென்று சிவந்தன. திகைத்து விரிந்த அந்தக் கண்களைச் செவிலி பார்த்தாள். எதையும் ஒளிக்கத் தெரியாத கண்கள்… 'அடடா, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ?' என்று எண்ணியபடியே படியிறங்கினாள்.

பெண்களை வீட்டுக்கு வெளியே தனியாகச் சந்தித்துப் பேச ஓர் இடம் தேடி மறுநாள் சுகாதார நிலையத்தில் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில், அதே கண்கள் எதிரே! வரைபடம் தயாரிக்க நகராட்சி அனுப்பியிருந்த வரைவாளன் அவன்தான். சமுதாயக் கூடத்தைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம் இட்டிருந்தான்.

"பெண்கள் எல்லாரும் இங்க வந்து பேசலாம். எல்லாத் தெருவுக்கும் இதுதான் நடு."

"நடுதான். வாசல்ல பெஞ்சைப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க நாள் பூரா உட்கார்ந்திருக்காங்களே, அது உங்க படத்துல இல்லையா?"

"பெஞ்சையெல்லாம் யாருங்க வரைவாங்க?"

"அதைத் தாண்டிப் போக வேண்டியவங்க வரைவாங்க."

மருத்துவரம்மா இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார். "போதும்ப்பா உங்க சண்டை! ரெண்டு பேரும் தெருத்தெருவா நடந்து, வேற நல்ல இடமாப் பார்த்துட்டு வாங்க."

நடந்தார்கள். முதலில் முறைப்போடு; பிறகு பேச்சோடு; பிறகு, பேச்சே தேவைப்படாமல்… திடீரென்று தூறல் விழுந்த ஒரு மாலையில் கடையோரம் ஒதுங்கினார்கள். அவன் இமையில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று ஊசலாடியது. அதைத் துடைத்துவிடத் துடித்த விரல்களைச் செவிலி முந்தானைக்குள் சிறைவைத்தாள். தெருவே அவளைச் 'சிஸ்டர்' என்று அழைத்தது. அவன் மட்டும் அச்சொல்லைத் தப்பித்தவறியும் வாயில் வரவிடவில்லை. அதை அவள் கவனிக்காதவள்போல் கவனித்தாள்.

தையல் வகுப்பின் பின்னறையைக் கண்டுபிடித்தவன் அவனே. "துணிப்பையோட உள்ள போனா, எதுக்குப் போறேன்னு எவனும் கேட்க மாட்டான். கிண்டல் பண்றதா இருந்தா இப்பவே பண்ணிடுங்க."

"பண்ணலை… நல்லாவே யோசிச்சிருக்கீங்க."

அந்தப் பாராட்டுக்கு அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

பின்னறை திறந்த அன்றே அவன் தாய் வந்தார். கதவைத் தாழிட்டார். வெளியே தையல் இயந்திரங்கள் கடகடக்க, உள்ளே அவர் குரல் தழுதழுத்தது.

"கர்ப்பப்பை இறங்கியிருக்கும்மா. பல வருஷமாச்சு. இருமினாலும் கீழ வருது, வாய்விட்டுச் சிரிச்சாலும் வருது… பெத்த பிள்ளைகிட்ட இதை எப்படிம்மா சொல்றது? நீ சொல்லிட மாட்டியே?"

"சத்தியமாச் சொல்ல மாட்டேம்மா. ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. நீங்க சரின்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

"பயமா இருக்கு… யோசிக்கிறேன்மா."

கண்களைத் துடைத்துக்கொண்டே வெளியேறிய தாயை, வரைபடத்தோடு வாசலுக்கு வந்த மகன் பார்த்துவிட்டான்.

"அம்மா ஏன் அழறாங்க? உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"நான் அவங்க மகன்!"

"தெரியும். இருந்தாலும் முடியாது."

"இத்தனை நாள் கூடவே நடந்தேனே… என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

ஒரே ஒரு வார்த்தை… அதைச் சொன்னால் போதும், அவன் கோபம் கரைந்துவிடும். ஆனால், அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் நாளை எந்தப் பெண் இந்த அறைக்குள் வாய் திறப்பாள்? செவிலி அடுத்த பெண்ணை உள்ளே அழைத்தாள். அவன் திரும்பிப் பாராமல் போனான்.

அதன்பின் வரைபடங்கள் வந்தன, அவன் வரவில்லை. 'போகட்டும், எனக்கென்ன!' என்று மனத்தை அதட்டினாள். அது அடங்கினால்தானே!

பின்னறையைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் பின்னால் செருப்போசை கேட்டது. திரும்பினாள். அவன்தான்… முகம் வாடியிருந்தது.

"எதையும் கேட்க வரலை," என்றான் அவசரமாக.

"பின்னே?"

"அம்மாவை நச்சரிச்சேன். அப்பத்தான் சொன்னாங்க… 'நீ கேட்டா எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான்டா சொல்ல வருது. அந்தப் பொண்ணு உன்கிட்டகூடச் சொல்லலை பாரு, அதனாலதான் அவளோட ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியமே வந்துச்சு'ன்னாங்க. திங்கட்கிழமை வர்றாங்களாம். என்ன நோவுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அவங்களாச் சொல்றவரைக்கும் கேட்கவும் மாட்டேன். வண்டியை மட்டும் நான் ஓட்டட்டுமா? வெளியிலேயே நிக்கிறேன்."

அவள் கண்கள் நிறைந்தன. "ரொம்ப நேரம் நிக்கணும்."

"நிக்கிறேன்… அப்புறம், நானும் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன்."

"சொல்லுங்க."

"உங்களைப் பார்க்காம இருக்க முடியலை. காலம் பூரா கூடவே நடக்கணும்னு ஆசையா இருக்கு."

செவிலி தலைகுனிந்தாள். பூட்டில் நுழைத்த சாவியைத் திருப்பக் கை வரவில்லை.

"இதை என்னால மறைச்சு வெச்சுக்க முடியாதுங்க… திங்கட்கிழமையே உங்க அம்மாகிட்டச் சொல்லிடுவேன்."

அவன் பதறிப்போனான். "என்னன்னு?"

"எனக்கும் அதே ஆசைதான்னு…"