கப்பல் எழுத்தும் பென்சில் டப்பாவும்

சாரலுக்குப் பயந்தவர்கள் குற்றாலம் பக்கமே வரக்கூடாது. ரூபி வந்ததோடு நிற்காமல் குடையில்லாமலும் வந்திருந்தாள். அருவிக்குப் போகிற பாதையில் ஒரு பொம்மைக் கடைக்குள் ஓடிப் புகுந்து, துப்பட்டாவைப் பிழிந்தபடி நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே அட்டைப்பெட்டியில்... அதே சீன எழுத்து!

சாயர்புரத்திலிருந்து தென்காசிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பா இங்கே புதுப் போதகர். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விழாவில் ரூபி பேசப்போகிறாள். ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து அவளுக்குச் சீன எழுத்துப் பைத்தியம். கப்பலைக் குறிக்கும் எழுத்துக்குள் ஒரு படகு, எட்டு, வாய், அதாவது எட்டுப் பேர்... பெருவெள்ளத்தில் நோவாவின் பேழையில் ஏறிய குடும்பமும் எட்டுப் பேர்தானே! அதைத்தான் பேசப்போகிறாள்.

கடைக்காரனிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பிரின்ஸ் என்ற அந்த இளைஞன் சீனாவில் ஈவூ சந்தையில் சில வருஷம் வேலை பார்த்தவன். அவள் இமையில் தொங்கிய மழைத்துளியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பாராட்டப்போகிறான் என்று நினைத்தாள்...

“கப்பல்ங்கது சரி. மத்ததெல்லாம் சும்மா.”

ஒரு பென்சில் டப்பாவை எடுத்து நீட்டினான். அதில் பென்சில் என்று இருந்த எழுத்திலும் வலது பாதி அச்சு அசலாக அதே எட்டும் வாயும். உச்சரிப்பைக் காட்டச் சேர்த்த பாதியாம், அர்த்தத்துக்காக இல்லையாம்.

“பென்சில்ல எந்தக் குடும்பம் ஏறிச்சு, சொல்லுங்க பாப்போம்.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரூபிக்குக் காதெல்லாம் சூடேறியது. பெரிய மேதாவி... நனைந்துகொண்டே வெளியேறினாள். கேலியே இல்லாத அந்தக் கண்கள்தான் இன்னும் எரிச்சல் மூட்டின.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆண்கள் பக்கம் அவன்! சீன மொழி தெரிந்தவன் நம் சபையிலேயே இருக்கிறான் என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாய் திறப்பதற்குள், அசனத்தன்று மேடையேறி, கப்பல் எழுத்தைப் பற்றி மகள் பேசுவது உண்மை என்று சாட்சி சொல்லவேண்டும் என்று அறிவித்தேவிட்டார்.

ரூபி கர்வத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். புதுப் போதகரைப் பிடிக்காத சிலர் சபையில் இருந்தார்கள். முதல் விழாவிலேயே மகள் உளறினாள் என்றால் அப்பாவின் கதி?

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“தெரிஞ்சே பொய் சொல்லச் சொல்லுதியளே...”

“அப்ப வராதீங்க.”

“ஐயா கூப்பிட்டிருக்காவ. வராம எப்படி இருக்க?”

திரும்பி நடந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. நல்லவேளை, சாரல் அடித்தது.

அசன நாள். ஆலயத்தின் பின்புறம் அண்டாக்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. அட்டையில் பெரிதாக வரைந்த எழுத்தைக் காட்டி ரூபி பேசி முடித்தாள். ஆமென் என்றது கூட்டம். அப்பா பூரிப்போடு பிரின்ஸைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்.

அவன் மைக்கைப் பிடித்தபடி ரூபியைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்து, கை நடுங்கி... ஐயோ, இவன் பொய் சொல்லப் போகிறான். எனக்காக!

அதை அவளால் தாங்க முடியவில்லை. எட்டி மைக்கை வாங்கினாள்.

“அவங்களைக் கேக்காதீங்கப்பா. நான் சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

யாரோ இருமினார்கள். அப்பா மைக்கை அவளிடமிருந்து வாங்கினார். பிறகு எல்லோரையும் ஜெபத்துக்கு எழும்பச் சொன்னார். முடிந்து இறங்கும்போது மகள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். ரூபிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தது. சோற்று வாளியோடு வந்த பிரின்ஸை வேப்பமரத்தடியில் மறித்தாள்.

“என்ன சொல்லப் போனிய?”

“ஆமான்னு...”

“பொய் சொல்ல மாட்டேன்னியளே?”

“உங்க முகத்தைப் பாத்தேன். முடியல.”

சாரல் இருவர் மேலும் பூவாய்த் தூவியது. ரூபிக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ...

“இனி எனக்காகக்கூடப் பொய் சொல்லக்கூடாது. இப்பக் கேக்கேன், நிசத்தைச் சொல்லுங்க. என்னைப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு,” என்றான். மேடையில் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை.