தொட்டியில் இரண்டு ஓட்டைகள்

"அம்மனைக் கொண்டாந்து காட்டு புள்ள! அப்புறம் உங்கப்பன் யோக்கியனா இல்லையான்னு பேசுவோம்!"

அரிசி ஆலைத் தெருக் கோயில் தருமகர்த்தா ராக்கப்பன், ஊர்க்கூட்டத்தில் விட்ட சவால் இது. சவால் விட்ட குற்றத்துக்காக, இதோ, அவரும் சாட்சியாகக் கூடவே வந்து பர்மாவின் சின்ட்வின் ஆற்றங்கரைக் காட்டில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டிருந்தார்!

1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாத் தமிழர்கள் கால்நடையாக இந்தியாவுக்கு ஓடினார்கள். கோயிலின் ஐம்பொன் மாரியம்மனைச் சுமந்தவர், இந்தச் சவாலை ஏற்ற வேலம்மாளின் அப்பா அய்யாவு. ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் அம்மன் இல்லை. விற்றுத் தின்றுவிட்டார் என்றார்கள். அந்தப் பழியோடேயே அவர் இறந்துபோனார். போர் முடிந்து குடும்பம் பர்மா திரும்பிய பிறகும் பழி போகவில்லை. அடுத்த மாதம் குடமுழுக்கு.

"அப்பா சொன்னது இவ்வளவுதான்" என்றாள் வேலம்மாள். "பின்வாங்கின வெள்ளக்காரச் சிப்பாய்ங்க, ஓடாத டாங்கிய இங்க விட்டுட்டுப் போனாங்க. போறப்ப எதிரிக்கு நல்ல தண்ணி கெடைக்கக் கூடாதுன்னு துறையில இருந்த தண்ணித் தொட்டிய அந்த டாங்கியாலயே சுட்டாங்க. டாங்கி நின்ன எடத்துலதான், அதோட வயித்துக்கு அடியில, அம்மனப் பொதச்சாராம்."

"டாங்கி எங்க?"

"பழைய இரும்புக்காரங்க வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க மாமா."

"நல்லாயிருக்கு! தொட்டியாச்சும் இருக்கா?"

இருந்தது! முள்புதருக்குள், கல் பீடத்தில் பதித்த இரும்பு உருளை. ஆனால் முழுசாக இருந்தது. ராக்கப்பன் கைகொட்டிச் சிரித்தார்.

"டாங்கி சுட்டா மலையே ஒடையும்பாங்க. இது அப்பிடியே குந்தியிருக்கு! உங்கப்பன் விட்ட கதைதான்."

"மாமா, நீங்க வாயால சுட்டாதான் மலை ஒடையும்" என்றான் வேலம்மாளின் தம்பி முனியாண்டி. ஆனால் அவனுக்கும் குழப்பம்தான். மூவரும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

கடைசியில் வேலம்மாள் கண்ணில் பட்டது: எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை!

ஓட்டை அவ்வளவுதான் இருக்கும். அந்தச் சின்ன டாங்கியின் பீரங்கி வாய் முப்பத்தேழு மில்லிமீட்டர்தான். அது சுட்டது வெடிக்கிற குண்டு அல்ல. கெட்டியான எஃகுக் குண்டு. ஐந்நூறு கஜத்தில் இரண்டு அங்குல எஃகையே துளைக்கும். தொட்டித் தகடு அதற்கு அப்பளம்! ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கமும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

வேலம்மாள் ஓட்டையில் கண் வைத்தாள். உள்ளே இருட்டு, எதிர்ச்சுவரில் இன்னோர் ஓட்டை, அதன் வழியே தூரத்தில் ஒரு தேக்குமர மேடு.

"கெடைச்சிருச்சு! ஓடு!"

மேட்டைத் தோண்டினார்கள். வேர். கல். மறுபடி வேர். உச்சி வெயில் சாய்ந்தது. அம்மன் இல்லை.

"லாஞ்சுப் படகு வர நேரமாச்சு" என்றார் ராக்கப்பன். இப்போது அவர் சிரிக்கவில்லை. "விடு தாயி."

வேலம்மாள் தொட்டிக்கே திரும்பி வந்தாள். ஒன்றும் புரியவில்லை. கோடு நேர்தானே? அந்தக் குண்டு நொடிக்கு எண்ணூறு மீட்டருக்கு மேல் பாயும்; இருநூறு மீட்டர் போவதற்குள் ஒரு சாண்தான் தாழும். பிறகு எங்கே தப்பு? மறுபக்க ஓட்டையைத் தடவினாள்.

"ஆ!" விரலில் ரத்தம்.

"என்னக்கா?"

"டேய்... தகரத்துல ஆணி அடிச்சுத் தேங்காத் துருவி செய்வோமே, எந்தப் பக்கம்டா சொரசொரன்னு இருக்கும்?"

"ஆணி வெளிய வர்ற பக்கம்."

"அந்தப் பக்கம் வழவழன்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் விளிம்பு பூ மாதிரி வெளிய விரிஞ்சிருக்கு. குண்டு போன பக்கத்தத் தோண்டிட்டோம்டா! வந்த பக்கத்துலதானே டாங்கி நிக்கும்!"

முனியாண்டி துண்டை விரித்துப் பிடித்தபடி ஆற்று வெளியை நோக்கி ஓடினான். வேலம்மாள் கிழிந்த ஓட்டை வழியே பார்த்தாள்.

"எடது பக்கம்! இன்னும்! நில்லு! இனி நேரா போ!"

துண்டு ஓட்டைக்குள் தெரிய, அதே கோட்டில் அவன் கடப்பாரையால் குத்திக்கொண்டே நடந்தான். டங்! ரப்பர் பதித்த இரும்புக் கண்ணி: டாங்கிச் சங்கிலியின் ஒரு துண்டு!

முதலில் மண்ணில் கை வைத்தவர் ராக்கப்பன். மார்பளவு பள்ளத்தில் சாக்குத்துணி தெரிந்தது. அதற்குள், பச்சை பூத்து, அம்மன்!

லாஞ்சு ஊதியது. வேலம்மாள் சிலையைத் தூக்கப் போனாள்.

"இருத்தா" என்று ராக்கப்பன் தலைப்பாகையைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டார். "தெருமுனை வரைக்கும் நான் சுமக்கறேன். தெருவுக்குள்ள நீ சுமந்துட்டு வா. யார் சுமக்கறான்னு எல்லாரும் பாக்கட்டும்."

குடமுழுக்கன்று முதல் தேங்காய் அய்யாவு பேரில் உடைந்தது. வேலம்மாள் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"ஒருத்தர்கிட்ட ஓட்டை இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துக்கங்க."